செவலைக்கும் சீவலப்பேரி பஸ்ஸுக்கும் நடுவே எட்டரை இடம்

பாளையங்கோட்டை,
1998 ஆவணி, செவ்வாய்க்கிழமை.

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அத்தான் சிவசைலம் அவர்களின் சமூகத்துக்கு,

மைத்துனன் குமரகுருபரன் பாளையங்கோட்டையிலிருந்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், பார்வதி, அனுராதா மூவரும் நெல்லையப்பர் புண்ணியத்தில் சௌக்கியம். என் மூட்டுவலி எங்கள் மூவரையும்விட சௌக்கியம். அவ்விடம் தங்கள் ரத்த அழுத்தமும் ராஜராஜேஸ்வரி அக்காளின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அணையில் தண்ணீர் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, எங்கள் தெருக்குழாயில் மட்டும் இல்லை.

தங்கள் கார்டு கிடைத்தது. 'அனுவுக்கு மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாமே, எங்கள் மாடியறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், அனுப்புகிறாயா இல்லையா, சுருக்கமாக எழுது' என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக எழுதத் தெரிந்தவன் அரசாங்க ஆபீசில் இத்தனை வருஷம் ஃபைல் எழுதிக் குடும்பம் நடத்தியிருக்க முடியுமா அத்தான்? பதில் வரும். அதற்கு முன்னால் இந்த விவகாரம் முழுவதற்கும் மூலகாரணம் தங்கள் சீமந்த புத்திரன் மகேஷ் என்பதைப் பணிவன்போடு தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கோடை லீவுக்கு மகேஷ் பெங்களூரிலிருந்து பெண்டாட்டியோடு இங்கே வந்திருந்தான் அல்லவா? மாமா வீட்டுக்கு வந்தவன் மணிமுத்தாற்றில் குளித்தோமா, அல்வாவைத் தின்றோமா, போனோமா என்று இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யைத் திருப்பி, வெள்ளைக்காரர்கள் ஒரே பாதையில் காரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற பந்தயத்தை வைத்துவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டான். எங்கேயும் போகாமல் எதற்கு இவ்வளவு வேகம் என்று நான் கேட்டேன். 'மாமா, இது சும்மா பாக்கதுக்கு இல்ல, வெளையாடுகதுக்கு' என்று சொல்லி விளக்கினான். அவன் ஆபீசில் எல்லோரும் ஆடுகிறார்களாம். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வாசகர்களுக்காகவே நடத்துகிறார்களாம். நமக்குக் கார் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், எல்லாம் கற்பனை. ஓட்டுகிறவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். அந்த ஜோடியில் எவன் முன்னால் வந்து சேருவான் என்று பந்தயத்துக்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும். பலித்தால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்தபடியே நாமும் ஒரு பந்தயக்காரன். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. நகராமல் முன்னேறுவதுதானே என் வாழ்க்கை இலட்சியமே.

ஓட்டுகிறவர்களின் பெயர்கள் பார்வதியின் நாக்கில் ஏறவில்லை. என் நாக்கில் ஏறின. ஆனால் இறங்கும்போது வேறு யாராகவோ இறங்கின. ஆகவே நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தய வழக்கப்படி நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டோம். சிவப்புக் கார் செவலை. சாம்பல் கார் மயிலை. கறுப்புக் கார் காரி. கூட்டத்துக்குப் பின்னால், குலுங்கிக் குலுங்கி, இரண்டு இடத்தில் நின்று, வழியில் யாரையோ ஏற்றிக்கொண்டு வருவதுபோல ஆடி அசைந்து, ஆனால் எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிற ஒரு வெளிர்நீலக் கார் இருந்தது. அதற்குப் பெயர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மூவரும் ஒரே குரலில் 'சீவலப்பேரி பஸ்' என்று சொன்னோம்.

மகேஷ் ஊருக்குப் போனபிறகும் ஆட்டத்தை விடாமல் ஆடினோம். ஆனால் சுகப்படவில்லை. செவலையும் பஸ்ஸும் ஜோடி என்றால் நானும் செவலை, பார்வதியும் செவலை, அனுவும் செவலை. செவலை ஜெயிக்கும், மூவருக்கும் புள்ளி. காரியும் பஸ்ஸும் ஜோடி என்றால் மூவரும் காரி. சண்டை இல்லாத விளையாட்டு தேங்காய்ப்பால் ஊற்றாத சொதி மாதிரி. ஒருநாள் பார்வதி எழுந்தேவிட்டாள். "யானைக்கும் எலிக்கும் மல்லுன்னு சொல்லிட்டு யாரு ஜெயிப்பான்னு எங்கிட்ட கேக்கிய. எனக்கு அடுப்புல வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு சித்தி ஜனாபா டீச்சர் (சித்தி என்பது உறவல்ல, பெயரே அதுதான்) தயிருக்கு உறை வாங்க வந்தார். அக்காளுக்கு ஞாபகம் இருக்கும், அனுவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். பள்ளிக்கூடத்தில் இறைவணக்கத்துக்கு மைக் பழுதானால் டீச்சரை நிறுத்திவிடுவார்கள். மைக்கைவிட நன்றாகக் கேட்கும். கிண்ணத்தோடு வாசல்நடையில் நின்று எங்கள் பந்தயத்தைக் கொஞ்சநேரம் பார்த்தவர், எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பின்னால வாரவன ஒருத்தருமே எடுக்க மாட்டேங்கிய?"

"அவன எடுத்தா தோத்துல்லா போவோம் டீச்சர்."

"நீங்க அவனுக்கு எடம் குடுக்கல, அதான். எங்க பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுல டீச்சர்மாரு ஓட்டம் பாத்திருக்கியளா? புதுசா வந்திருக்க ஒல்லிப்பிச்சான் டீச்சரையும் என்னையும் ஒரே கோட்டுல நிறுத்துனா எவன் பாப்பான்? என்னைய மைதானத்துக்குப் பாதில கொண்டுபோய் நிறுத்துவாவ. அவ பின்னால கெடந்து ஓடியாரணும். கயித்துக்கிட்ட வரும்போது ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல மூச்சு வாங்கும். அப்பத்தான் பிள்ளைய பூரா எந்திச்சு நின்னு கத்தும்."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். பிற்பாடு ராத்திரிச் சோற்றுக்கு அவர் வீட்டில் மோர்கூட இல்லை என்று கேள்வி. செவலை போன பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தான், பஸ் எத்தனையாவதாக வந்தான் என்று அனுவிடம் கேட்டார். செவலை ஒன்று அல்லது இரண்டு. பஸ் பன்னிரண்டு, பதின்மூன்று. "அப்பம் பஸ்ஸுக்குப் பத்தரை எடம் குடுத்திருங்க" என்றார். அதாவது, பஸ் எத்தனையாவதாக வந்தாலும் அதில் பத்தரையைக் கழித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவதாக வந்தால் கணக்குக்கு ஒன்றரை. செவலை முதலாவதாக வந்தால் செவலைக்கு ஜெயம். இரண்டாவதாக வந்தால் பஸ்ஸுக்கு ஜெயம். அந்த அரை எதற்கு என்று நான் கேட்டேன். "எந்தக் காராவது அரை எடத்துல வந்து நிக்குமா அண்ணாச்சி? நிக்காது. அதனால ரெண்டும் சமம்னு ஒருத்தரும் மழுப்ப முடியாது" என்றார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். மகேஷுக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டதில் அவர்கள் பத்திரிகையிலும் இப்படித்தானாம், ஹேண்டிகேப் என்று பெயராம். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். 'ஒங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேன் மாமா' என்கிறான். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீடு இரண்டாகப் பிளந்தது. ஆனந்தம்! நான் செவலை. பார்வதி, "பாவம், பின்னால நிக்கான், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ள இருக்கும்லா" என்று பஸ். அனு ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. எங்கள் ஆபீஸ் ஐயம்பெருமாள் ஒரு வாரப்பத்திரிகையைத் திருப்பிக்கொடுக்க வந்தவர், அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வரத் தொடங்கிவிட்டார். டீச்சர் ஆடமாட்டார், இடம் நிர்ணயம் செய்வது மட்டும்தான் அவர் வேலை. பஸ் ஒரு பந்தயத்தில் நன்றாக ஓடிவிட்டால் அடுத்த வாரம் இரண்டு இடத்தைப் பிடுங்கிக்கொள்வார். சொதப்பினால் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார். ஒருநாள் நான், "டீச்சர், நீங்க பஸ்ஸுக்கு ரொம்பச் செல்லம் குடுக்கிய" என்று சண்டைக்குப் போனேன். அதே நேரத்தில் பார்வதி உள்ளேயிருந்து, "பஸ்ஸுக்குக் குடுத்தது பத்தவே பத்தாது" என்று கத்தினாள். டீச்சர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "ரெண்டு பக்கமும் என்னைய ஏசுதிய. கணக்கு சரியா இருக்கு" என்றார்.

அத்தான், மனுஷன் கண்டுபிடித்தவற்றில் இட்லிக் கொப்பரைக்கு அடுத்தபடியாக நான் இந்த ஹேண்டிகேப்பைத்தான் வைப்பேன். யோசித்துப் பாருங்கள். உலகம் முழுவதும் எவன் முதலில் வருகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பதினொன்றாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் நடக்கிற போட்டியை நாற்காலிமேல் ஏறி நின்று பார்க்கிற வீடு எங்களுடையது. கேமராக்காரன் ஜெயித்தவனைக் காட்டினால், "அந்தச் சவத்த விட்டுட்டு நம்ம பஸ்ஸக் காட்டுலே" என்று பார்வதி ஏசுகிறாள். மாட்டுவண்டிப் பந்தயத்தில்கூடப் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத் தனித்தனியாகத்தான் விடுகிறோம். இங்கே பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே பாதையில் விட்டு, இரண்டையும் ஒரே இழுப்பாக இழுக்கவைத்துவிடுகிறது ஒரு சின்ன எண். அதுவும் வலுத்தவனின் காலை வெட்டாமல், இளைத்தவனைத் தூக்கிச் சுமக்காமல். எனக்குக் கவிதை வராது. வந்தால் அந்த அரை இடத்தைப் பற்றித்தான் எழுதுவேன்.

இப்படி இன்பமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அனுவுக்கு அந்த வேலை உத்தரவு வந்தது. பரீட்சை எழுதி, மதுரைக்குப் போய் இன்டர்வியூ கொடுத்து, தானே வாங்கியது. உத்தரவைக் கையில் வாங்கிப் படித்தேன். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உடனே பயம் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. மெட்ராஸ்! அங்கே தண்ணீரைப் பையில் விற்கிறார்கள் என்கிறார்கள். அங்கே 'பைய வா' என்றால் எவனுக்கும் புரியாது. அத்தான் வீடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அத்தான் வீட்டிலிருந்து ஆபீஸ் இருக்கும் இடத்துக்கு நடுவே மெட்ராஸ் இருக்கிறதே! உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் நான் சொல்வது பார்வதிக்கும் பார்வதி சொல்வது எனக்கும் அனு வழியாகத்தான் போய்ச் சேருகிறது. அவள் போய்விட்டால் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசவேண்டியிருக்கும். இந்த வயதில் அதெல்லாம் எங்களால் ஆகுமா?

"வேண்டாம்ட்டி. இங்கனயே எங்கயாவது பாப்போம்" என்றேன்.

"இங்கன கம்ப்யூட்டர் கம்பெனி எங்கப்பா இருக்கு? கம்ப்யூட்டர்னு போர்டு போட்டிருக்க கடையில இருக்கது ஜாதகம் அடிக்க மெசின்."

"நான் சொன்னா சொன்னதுதான்."

அனு அழவில்லை, கதவை அடைக்கவில்லை. அவள் அம்மாவாக இருந்திருந்தால் சோற்றில் உப்பைக் குறைத்திருப்பாள். இவள் பேசாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "சரிப்பா, ஒரு ஜோடி ஆடுவோம். நான் ஜெயிச்சா மெட்ராஸ். நீங்க ஜெயிச்சா உத்தரவ மடிச்சு வச்சிருதேன், அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றாள். நான் அந்த மாதம் வீட்டுப் புள்ளியில் எல்லோருக்கும் மேலே இருந்தேன். மேலே இருக்கிறவனுக்குக் கண் தெரியாது என்பார்கள். சரி என்றுவிட்டேன். செவலையும் பஸ்ஸும் ஜோடி. டீச்சர் இடம் சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பினோம். வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிட்டார். "பிள்ளைக்க வாழ்க்கையில நான் எண்ணு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. தோத்தவுக காலமெல்லாம் என்னையச் சொல்லுவிய. ஒங்களுக்குள்ள பாத்துக்கிடுங்க" என்றார்.

அப்போது அனு சொன்ன வழியைக் கேளுங்கள். நம்மவர்கள் பாகப்பிரிவினை செய்வது எப்படி? மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். சீவலப்பேரி வயலை எங்கள் அண்ணாச்சி பங்கு வைத்து நான் எடுத்தது தங்களுக்குத் தெரியாததா? (நான் எடுத்த பங்கில் இன்றுவரை தண்ணீர் நிற்கிறதே தவிர நெல் நிற்கவில்லை, எடுக்கத் தெரியாதவனுக்கு எந்த முறையும் உதவாது.) அதேபோல, "நீங்க மூத்தவுக. பஸ்ஸுக்கு எத்தன எடம்னு நீங்க வைங்க. எந்தக் காருன்னு நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள். கேட்க மரியாதையாகத்தான் இருந்தது. சம்மதித்துவிட்டு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பொறி என்று தெரிந்தது. பஸ்ஸுக்கு அதிகம் வைத்தால் அவள் பஸ்ஸை எடுத்துக்கொள்வாள். குறைத்து வைத்தால் செவலையை எடுத்துக்கொள்வாள். நான் எந்தப் பக்கம் திருட்டுத்தனம் செய்தாலும் அந்தத் திருட்டு முதல் அவளுக்கே போய்ச் சேரும். இத்தனை வயதில் முதல்முறையாக யோக்கியனாக இருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியே இல்லாமல் போய்விட்டது. அதுவும் பெற்ற மகளிடம்!

அந்த வாரம் நான் பட்ட பாட்டை எந்த ஃபைலுக்கும் பட்டதில்லை. எங்கள் செக்‌ஷனையே தராசாக்கிவிட்டேன். பந்தயத்தையும், பஸ் இப்போதெல்லாம் பத்து, பதினொன்று என்று வரத் தொடங்கியிருப்பதையும் விளக்கி, "பத்தரை வச்சா ஒமக்கு எது வேணும்வே?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். அத்தனை பேரும் பஸ் என்றார்கள். ஆறரை என்றேன். அத்தனை பேரும் செவலை. ஒன்பதரைக்கு முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் ஏறினார்கள். ஏழரை என்றதும், "சனியன் எண்ணு, அது வேண்டாம்" என்று ஐயம்பெருமாள் எழுந்தே போய்விட்டார். எட்டரை என்று வைத்தேன். பாதிப் பேர் செவலை, பாதிப் பேர் பஸ். அதோடு நில்லாமல், எதிரெதிரே உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற இரண்டு பேர், ஒருவர் செவலை என்றும் ஒருவர் பஸ் என்றும் வார்த்தை தடித்து, டிபன் பாக்ஸைத் தனித்தனியாகத் திறந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண் என்றால் இதுவல்லவா எண்!

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் "எட்டரை" என்று அறிவித்தேன். டீச்சர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்து, "மாஷா அல்லா. நானா இருந்தாலும் எட்டரைதான் அண்ணாச்சி வச்சிருப்பேன்" என்றார். அனு உட்கார்ந்தாள். எழுந்தாள். மாடிக்குப் போனாள். வந்தாள். காபி குடித்தாள். கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எப்பா, எத எடுக்கன்னே தெரியலப்பா. எப்படிப்பா இவ்வளவு சரியா வச்சிய?" என்றாள். அத்தான், என் அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்கள் பொன்னாடை போர்த்தினாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வராது.

பஸ்ஸைத்தான் எடுப்பாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். "செவலை" என்றாள். "பஸ்ஸ எடுத்தா முன்னால போற ஒவ்வொருத்தனும் நின்னு போணும்னு சாமி கும்பிடணும்மா. எனக்கு அது வேண்டாம். முன்னால போறத எடுத்துக்கிடுதேன்" என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னாள். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பெருமையாக எழுதக்கூடாது என்பார்கள்; ஆகவே அந்த நேரத்தில் நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பஸ் என் பங்கு. எவ்வளவு கேவலம் பாருங்கள். செவலை செவலை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன், வெளிர்நீல டப்பா ஒன்றுக்காக நெல்லையப்பருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் போகிற ஒவ்வொருவனும் நின்று போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை வேண்டாம் என்று சொன்ன அதே வேலை. என் வேண்டுதலுக்குச் சிலபேர் நின்றும் போனார்கள். முக்கால் பந்தயத்தில் செவலை இரண்டாவது; பஸ் பதினொன்றாவது. பதினொன்றில் எட்டரை போனால் இரண்டரை. அனு அரை இடத்தில் முன்னால். பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் ஒருவன் குறைந்தால் நான் அரை இடத்தில் முன்னால். டீச்சர் பிரம்பு இல்லாத கையைப் பிரம்பு இருப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மணி ஏழு அடித்தது. டி.வி.யில் காரைக் காணோம். ஒரு கதாநாயகி ஆற்றங்கரையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருக் கேபிள்காரர் இசக்கிமுருகன் ஞாயிறு ஏழு மணிக்கு அந்தச் சேனலை எடுத்துவிட்டு அதே இடத்தில் தன் வி.சி.ஆரில் புதுப்படம் போடுவார். அவரிடம் இருக்கிற சேனல் பெட்டிகள் அவ்வளவுதான். வழக்கமாகப் பந்தயம் அதற்குள் முடிந்துவிடும். அன்று அங்கே மழை, ஓட்டம் நீண்டுவிட்டது. நான், அனு, பார்வதி, டீச்சர், ஐயம்பெருமாள் ஐந்து பேரும் தெருவில் ஓடினோம். எனக்கு மூட்டுவலி என்பது ஓடி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இசக்கிமுருகன் மாடி ரூமில் வயர்களுக்கு நடுவே முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"ஏ இசக்கி, காரப் போடுப்பா! பிள்ள வாழ்க்கப் பிரச்சனை!"

"என்ன அண்ணாச்சி வெளையாடுதியளா? தெருப் பூரா படம் கேக்கு. ஒங்க ஒரு வீடு காரு கேக்கு. படத்த நிறுத்துனா பொம்பளையெல்லாம் என்னைய இந்த வயர்லயே கட்டித் தொங்கவிட்டிருவாளுவ."

டீச்சர் முன்னால் வந்தார். "ஏலே இசக்கிமுருகா, எட்டாப்புல ஒனக்கு எத்தன மார்க்கு போட்டுப் பாஸாக்குனேன்னு இங்கன சொல்லவா?"

இசக்கிமுருகன் வாயிலிருந்த முறுக்கை மெல்லாமல் விழுங்கி, மூலையிலிருந்த சின்ன டி.வி.யைத் தட்டினார். தெருவுக்குப் படம் ஓடட்டும், டிஷ்ஷிலிருந்து நேராக நமக்கு இதில் கார். உள்ளங்கை அகலத் திரை, சத்தம் கிடையாது, நிறமும் கிடையாது. செவலை எது, மயிலை எது என்று தெரியாமல் அனு நம்பரைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நாங்கள் மூச்சுவிடாமல் கேட்டோம். கடைசிச் சுற்று. செவலை இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டிவிட்டது. அனுவின் கை பார்வதியின் கையைப் பிடித்திருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் போன கார் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னே பெட்ரோல் தீர்ந்தது மாதிரி மெள்ள மெள்ள ஓரம் கட்டியது. நம் சீவலப்பேரி பஸ், ஸ்டாப்பில் கைகாட்டினவனைப் பார்க்காதது மாதிரி அதைத் தாண்டி, ஆடி அசைந்து பத்தாவதாக வந்து சேர்ந்தது. பத்தில் எட்டரை போக ஒன்றரை. செவலைக்கு இரண்டு. அரை இடத்தில் நான் ஜெயித்துவிட்டேன்!

குதித்தேன். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பியதாக ஐயம்பெருமாள் சாட்சி சொல்கிறார். இறங்கும்போது ஒரு வயர்மேல் இறங்கினேன். தெருவிலிருந்து 'ஓ...' என்று ஒரு பெரும் சத்தம் எழுந்தது. என் வெற்றியைத்தான் ஊரே கொண்டாடுகிறது என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். தெருவில் அத்தனை வீட்டிலும் படம் நின்றுபோயிருந்தது. அன்று முதல் இந்தத் தெருப் பெண்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் பேசாமலிருப்பதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அனு பேசினாள். "எட்டரை சரியாத்தான்பா இருந்துச்சு. சரி, நீங்க ஜெயிச்சுட்டிய" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உத்தரவை மடித்து வைத்தாள். கம்பெனிக்கு, சேர முடியாததற்கு வருந்துகிறேன் என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, கவரில் போட்டு, என் கையிலேயே தபாலில் சேர்க்கக் கொடுத்தாள். நேற்றுக் காலை எனக்குக் காபி கொடுத்தாள். காபியில் சர்க்கரை குறையவில்லை. தோற்ற பிறகு இவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்கிற ஆளை நான் பார்த்ததில்லை, அத்தான். ஜெயித்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். பங்கு வைத்தது சுத்தம், எடுத்தது சுத்தம், ஓடியது சுத்தம். டீச்சர் முத்திரை குத்திய எட்டரை. இதற்குமேல் ஒரு வழக்கில் என்ன நியாயம் வேண்டும்?

ஆகையால் தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: அனுவை அனுப்பவில்லை. மாடியறையை வாடகைக்கு விடுவதானால் விடலாம். அக்காளிடம் பக்குவமாகச் சொல்லி, என்னை ஏச வேண்டியதை அடுத்த கல்யாணத்தில் நேரில் பார்க்கும்போது ஏசிக்கொள்ளச் சொல்லவும். தங்கள் வீட்டில் பாலும் சோறும் பொங்கவும், தங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கவும், பெங்களூரில் இருக்கிற காரணகர்த்தாவுக்குச் சீக்கிரமே ஒரு பெண் பிறந்து என் நிலைமை அவனுக்கும் வாய்க்கவும் நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் வேண்டிக்கொண்டு, இருவர் பாதங்களிலும் விழுந்து எழ முடியாமல் (மூட்டு) அப்படியே கிடக்கும்,

தங்கள் மைத்துனன்,
குமரகுருபரன்.

பின்குறிப்பு:

ஒட்டுவதற்குப் பசை கேட்டேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பார்வதி, "என்ன எழுதியிருக்கிய, வாசிங்க" என்றாள். ஏற்ற இறக்கத்தோடு முழுவதும் வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு ஒரு காயை நறுக்கினாள்.

"எட்டரை சரியான கணக்குதானே?"

"சரின்னா சரி, அப்படிச் சரி! செக்‌ஷனே ரெண்டாப் போச்சுல்லா."

"எந்தப் பக்கமும் சாயல?"

"மயிரிழை சாயல."

"அப்பம் அவ ஜெயிக்கதுக்கும் நீங்க ஜெயிக்கதுக்கும் வித்தியாசமே கெடையாது. காச சுண்டிப் போட்டுப் பூவா தலையா பாத்த மாதிரிதான். கணக்கு சரின்னா, நீங்க ஜெயிச்சதுல ஒங்க சாமர்த்தியம்னு ஒண்ணும் இல்ல. இல்ல, சாமர்த்தியமா ஜெயிச்சேன்னு சொன்னா, கணக்கு ஒங்க பக்கம் சாஞ்சிருந்திருக்கு; எட்டரை தப்பு. ரெண்டுல எது? யோசிச்சுச் சொல்லுங்க. பூவா தலையா போட்டா படிச்ச பிள்ளைய வீட்டுல வச்சுக்கிடுவாவ?"

அத்தான், நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுத் திசையைப் பார்த்து, "டீச்சர், நியாயமா இது?" என்று கத்தினேன். ஜன்னலிலிருந்தே பதில் வந்தது: "பார்வதி சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. எடம் சரியா வச்சவன் ஜெயிச்சேன்னு பீத்த முடியாது. ரெண்டு பெருமையும் ஒரே ஆளுக்குக் கெடையாது."

பசையைத் தள்ளிவைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி பிரித்தேன். ஜெயித்தேன் என்று வைத்துக்கொண்டால் எட்டரை போய்விடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அனு சிரித்தாள், "எப்படிப்பா இவ்வளவு சரியா வச்சிய" என்று கேட்டாள். அதை விட்டுக்கொடுக்க என்னால் ஆகவில்லை. ஜெயித்ததை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

மேலே எழுதியது எல்லாம் ரத்து. கம்பெனிக்கு அனு எழுதிய கவரைப் பார்வதி வாங்கி நான்காகக் கிழித்து முருங்கைக்காய்த் தோலோடு சேர்த்துவிட்டாள். மாடியறையை யாருக்கும் விட்டுவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். சனிக்கிழமை காலை ரயிலடிக்கு ஆள் அனுப்பி, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை சாமான், அழுது வீங்கிய முகத்தோடு ஒரு தகப்பன் ஆகியவற்றை இறக்கிக்கொள்ளவும். பிள்ளை தானே இறங்கிக்கொள்ளும்.